கேத்தலின் அடியில் எழுதியிருக்கும் கணக்கு: வோல்ட், அம்பியரிலிருந்து தடையும் வலுவும்

மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை இந்தப் பக்கம் ஒரு மாமியின் வீடு. "கேத்தல் கொதிக்க முதல் பிளக் கொதிக்குது மனே, வந்து பாரு" என்று அழைத்திருந்தார். போய்ப் பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்தேன். இரண்டு பின்கள் புதுசு போலப் பளபளத்தன. மூன்றாவது, இரண்டு சிறிய பின்களில் ஒன்று. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேத்தண்ணிக் கறை போலப் பழுப்பேறி, ஓரம் உருகிச் சுருங்கியிருந்தது. சுவரில் இருந்த பொயின்ற்றிலும் அதே துளையின் வாய் கறுத்திருந்தது. உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு.

என்னோடு வேலை பழக வந்திருந்த தம்பி சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவன். ஓமின் விதியைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். "அப்ப இந்தப் பின்னில மட்டும் எத்தனை வாட்ஸ் சூடு வந்திருக்கும்?" என்று கேட்டேன். பேசாமல் நின்றான். அவன் பிழை இல்லை. கொப்பியில் செய்த கணக்கைக் கையில் இருக்கும் பொருளோடு சேர்த்துப் பார்க்க யாரும் அவனுக்குக் காட்டித் தரவில்லை. அவனைப் போல வயரிங் வேலை பழக வருகிறவர்களுக்கும், வீட்டுச் சாமான்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். போனில் கால்குலேட்டர் இருக்கிறதுதானே.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம்

நமது பாடப்புத்தகத்தில் வோல்ற்றளவு, ஓட்டம், தடை, வலு என்று இருக்கும். இந்தியத் தமிழில் எழுதியதைப் படித்தால் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, திறன் என்று வரும். எல்லாம் ஒன்றுதான். அளக்கும் அலகுகள் முறையே வோல்ட், அம்பியர், ஓம், வாட். புத்தகம் 'உவாற்று' என்று எழுதும், கடையில் 'வாட்ஸ்' என்பார்கள்.

கூரைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி இருக்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கியின் உயரம் வோல்ட் மாதிரி, அதுதான் தள்ளுகிறது. குழாயில் ஓடும் தண்ணீர் அம்பியர். பாதி திறந்த பைப்பும் உப்புப் படிந்து அடைத்த வளைவும் தடை. இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் பிழைக்கும். இங்கேயே விட்டுவிடுவோம்.

தேவையான சூத்திரங்கள் இரண்டுதான்:

தடை = வோல்ட் ÷ அம்பியர்
வலு = வோல்ட் × அம்பியர்

முதலாவது, ஜெர்மனியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும்:

வலு = அம்பியர் × அம்பியர் × தடை
வலு = வோல்ட் × வோல்ட் ÷ தடை

நாலும் ஒரே விடையைத்தான் தரும். கையில் எந்த இரண்டு எண் இருக்கிறதோ அதற்குப் பொருந்தியதை எடுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த இரண்டு எண்ணும் ஒரே பொருளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். பிளக் பின்னின் சூட்டைக் கணக்கிடும்போது வீட்டு வோல்ட் 230ஐப் போட்டால் விடை தலைகீழாகிவிடும். பின்னுக்குக் குறுக்கே விழும் வோல்ட் வேறு, வீட்டுக்கு வரும் வோல்ட் வேறு. புதிதாகப் பழகுகிறவர்கள் விடும் பிழைகளில் பாதி இதுதான்.

மீதிப் பாதி மில்லியும் கிலோவும். 20 மில்லி அம்பியர் என்றால் 0.02 அம்பியர். 4.7 கிலோ ஓம் என்றால் 4700 ஓம். வகுக்க முதல் எல்லாவற்றையும் அம்பியர், ஓம் ஆக்கிவிடுங்கள்.

12 வோல்ட்டில் கை பழகுங்கள்

வீட்டு மின்சாரத்தில் தொடங்காதீர்கள். ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரி, 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்று (வாகனத்தின் பிரேக் லைட்டில் இருப்பது), இரண்டு துண்டு வயர், சாதாரண மல்டிமீற்றர். இவ்வளவும் போதும்.

பல்பை எரிய விட்டு, மீற்றரை நேர் மின்சாரத்து வோல்ட் பக்கம் திருப்பி, பல்பின் இரண்டு முனைகளிலும் மீற்றர் முள்ளை வையுங்கள். ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்கு அளப்பதால் சுற்றை வெட்டத் தேவையில்லை. 12.4 வருகிறது என்று வைப்போம்.

அம்பியர் அப்படி இல்லை. ஓட்டம் மீற்றருக்குள்ளால் போக வேண்டும். பற்றரியில் இருந்து வரும் ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீற்றரைச் சேர்க்க வேண்டும். சிவப்பு வயரை மீற்றரில் 10 அம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்றி, குமிழையும் அம்பியர் பக்கம் திருப்புங்கள். 1.77 காட்டுகிறது.

இப்போது கணக்கு. 12.4 ÷ 1.77 = 7.0 ஓம். 12.4 × 1.77 = 21.9, அதாவது 22 வாட் அளவில். பல்பில் எழுதியிருப்பது 21. சரிதான்.

அளந்து முடித்ததும் சிவப்பு வயரைத் திரும்ப வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. 10 அம்பியர் துளையில் அதை விட்டுவிட்டு யாராவது அதே மீற்றரால் வோல்ட் அளக்கப் போனால், மீற்றர் ஒரு வெறும் கம்பியாகிப் பற்றரியை ஷோர்ட் பண்ணும். வீட்டு மின்சாரத்தில் அது நடந்தால் மீற்றர் கையிலேயே வெடிக்கலாம். அதனால் வீட்டு மின்சாரத்தின் அம்பியரை மீற்றரைச் சுற்றுக்குள் செருகி அளக்கவே வேண்டாம். வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாமானில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிடுங்கள்.

அந்தப் பல்பைக் கழற்றி ஆற விட்டு, மீற்றரை ஓம் குறிக்கு, அந்தக் குதிரை லாட வடிவத்துக்கு, திருப்பி அதன் தடையை அளந்து பாருங்கள். முதலில் மீற்றரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுகிறதோ அதைக் குறித்துக் கழிக்க வேண்டும், அது மீற்றர் வயரின் தடை. கழித்த பிறகு பல்பின் தடை ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். கணக்கில் 7 வந்ததே!

இரண்டும் சரி. இழை எரியும்போது வெண்சூடு. சூடேறச் சூடேற அந்த இழையின் உலோகமான டங்ஸ்டனின் தடை பல மடங்கு ஏறும். கணக்கிட்டது எரிகிற பல்பின் தடை, அளந்தது ஆறின பல்பின் தடை. பழைய 100 வாட் குண்டு பல்பும் அப்படித்தான்: எரியும்போது 529 ஓம், ஆறினதும் 40 ஓமுக்கும் குறைவு. மீற்றரையும் சூத்திரத்தையும் சந்தேகிக்க முதல், அந்தப் பொருள் வேலை செய்யும் நிலையில் இருந்ததா என்று பாருங்கள்.

கேத்தலைத் திருப்பிப் பாருங்கள்

இனி மாமியின் கேத்தல். அடியில் ஒரு ஸ்டிக்கர்: 220–240 வோல்ட், 1850–2200 வாட். இந்த இரட்டை எண்ணைப் பார்த்துப் பலரும் குழம்புவார்கள். வாட் ஏன் ஒரு எண்ணாக இல்லை? கணக்குப் போட்டால் தெரியும்.

220 × 220 ÷ 1850 = 26.16 ஓம்
240 × 240 ÷ 2200 = 26.18 ஓம்

ஒரே தடை. கேத்தலுக்குள் இருப்பது 26 ஓம் கம்பி ஒன்று, அவ்வளவுதான். எத்தனை வோல்ட் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது எடுக்கும் வாட் மாறுகிறது. அந்தத் தம்பி இதைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. ஸ்டிக்கரில் எழுதாத எண் ஸ்டிக்கருக்குள்ளேயே இருக்கிறது.

சரிபார்க்க வேண்டுமா? பிளக்கைச் சுவரில் இருந்து முழுவதுமாகக் கழற்றுங்கள். ஆறின கேத்தலை அதன் தட்டில் வைத்து, கேத்தலின் சுவிச்சைப் போடுங்கள். பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கிடையே ஓம் அளந்தால் 26ஐ ஒட்டி வரும். பல்பு மாதிரி ஏன் ஏமாற்றவில்லை என்றால், சூடாக்கும் கம்பிகளில் வழக்கமாக இருக்கும் நைக்ரோம் சூடேறினாலும் தடை பெரிதாக மாறாத கலவை. அப்படியே பெரிய பின்னுக்கும், அதுதான் ஏர்த், ஒரு சிறிய பின்னுக்கும் இடையே அளவுங்கள். மீற்றர் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஏதாவது சின்ன எண் வந்தால் அந்தக் கேத்தலில் மின்சாரம் அதன் வெளி உலோகத்துக்குக் கசிகிறது. திரும்பச் செருக வேண்டாம்.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். 230 × 230 ÷ 26.17 = 2021 வாட். ஓட்டம் 230 ÷ 26.17 = 8.8 அம்பியர். பின்னேரம் எல்லோரும் லைட்டும் ஃபேனும் போட்டு, லைன் கடைசியில் இருக்கிற உங்கள் வீட்டில் வோல்ட் 200க்கு இறங்கினால்? 200 × 200 ÷ 26.17 = 1528 வாட். வோல்ட் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது, வலுவோ கிட்டத்தட்டக் கால்வாசி போய்விட்டது. வோல்ட் இரண்டு தடவை பெருக்கப்படுவதால்தான் இந்த அடி. ஒன்றரை லீற்றர் தண்ணீரை 30 பாகையில் இருந்து கொதிக்க வைக்க 441 கிலோ யூல் வேண்டும் (ஒரு வாட் ஒரு செக்கனில் தருவது ஒரு யூல்). 230 வோல்ட்டில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், 200 வோல்ட்டில் ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட. கேத்தல் பழுதாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டு போக முதல் வோல்ட்டைப் பாருங்கள்.

கரண்ட் பில்லுக்கும் இதே கணக்குத்தான். 1000 வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். மேலே சொன்ன ஒன்றரை லீற்றரை எட்டுத் தடவை கொதிக்க வைத்தால் ஒரு யூனிட் போகும்.

அந்தப் பின் ஏன் சுட்டது

கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று பித்தளையை விடாது. பொயின்ற்றுக்குள் பின்னைக் கவ்வும் தகடு களிம்பேறி, இழுத்துச் செருகி இழுத்துச் செருகி தளர்ந்தும் போகிறது. பின்னும் தகடும் முழுவதுமாக ஒட்டாமல் ஒரு புள்ளியில் மட்டும் தொடும். அந்தப் புள்ளியில் 0.4 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சின்ன எண். சாதாரண மீற்றரால் நம்பி அளக்கவே முடியாது.

இப்போது ஓட்டம் கேத்தலையும் அந்தத் தளர்ந்த இடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். மொத்தத் தடை 26.17 + 0.4 = 26.57 ஓம். ஓட்டம் 230 ÷ 26.57 = 8.66 அம்பியர். கேத்தலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பின்னில்:

8.66 × 8.66 × 0.4 = 30 வாட்

ரேடியோ திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் சிறிய சோல்டரிங் அயன் 30 வாட்தான். ஈயத்தை உருக்குகிற அந்தச் சூடு, ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள், கேத்தல் போடும் ஒவ்வொரு தடவையும். பழுப்பேறாமல் என்ன செய்யும்?

அந்த இடத்தில் விழும் வோல்ட் 8.66 × 0.4 = 3.5தான். 3.5 வோல்ட்டை வைத்துப் பெருக்கினாலும் அதே 30 வாட் வரும். நான் முதலில் சொன்னது இதைத்தான்: 230ஐப் போடாதீர்கள்.

இதே பொயின்ற்றில் போன் சார்ஜரைப் போட்டால் ஒன்றும் ஆகாது. 0.1 அம்பியர் எடுத்தால் 0.1 × 0.1 × 0.4 = 0.004 வாட். அம்பியர் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் கேத்தல், அயன், ரைஸ் குக்கர் போன்றவற்றில்தான் தளர்ந்த இணைப்புத் தன் வேலையைக் காட்டும். பிளக்கைத் தொட்டுப் பார்த்து இளஞ்சூட்டைவிட அதிகம் என்றால் மெயின் சுவிச்சை நிறுத்தி, பொயின்ற்றையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். வேலை பழகாதவர்கள் இதை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

13 அம்பியர் பிளக்கின் எல்லையும் கணக்கில்தான் இருக்கிறது. 230 × 13 = 2990 வாட். ஒரே எக்ஸ்டென்ஷனில் அந்தக் கேத்தலும் (8.8 அம்பியர்) 1000 வாட் அயனும் (1000 ÷ 230 = 4.35 அம்பியர்) சேர்ந்தால் 13.15. எல்லை தாண்டிவிட்டது.

தோட்டத்து மோட்டர்

நமது பக்கத்து மணல் தோட்டங்களில் கிணறு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். வீட்டில் இருந்து 40 மீற்றர் வயர் இழுத்து மோட்டர் ஓட்டுவார்கள். கடைக்காரர் லைட்டுக்குப் போடும் 1/1.13 வயரைக் கொடுத்திருப்பார், விலை குறைவு. "பகலில ஓடுது, பின்னேரம் உறுமிக்கொண்டு நிக்குது" என்று அழைப்பு வரும்.

1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு. ஆயிரம் மீற்றருக்கு 18.1 ஓம். ஓட்டம் போகவும் வேண்டும் வரவும் வேண்டும், ஆகவே 40 மீற்றர் தூரத்துக்கு 80 மீற்றர் கம்பி. 80 × 0.0181 = 1.45 ஓம்.

ஒரு குதிரை வலு மோட்டர் ஓடும்போது 5.5 அம்பியர் எடுத்தால் வயரில் விழுவது 5.5 × 1.45 = 8 வோல்ட். பரவாயில்லை. ஆனால் மோட்டர் தொடங்கும் நொடியில் ஐந்து மடங்குக்குக் கிட்ட இழுக்கும். 27 × 1.45 = 39 வோல்ட். பின்னேரம் வீட்டில் 205 வோல்ட்தான் இருந்தால் மோட்டருக்குக் கிடைப்பது 166. அதால் சுற்ற முடியாமல் உறுமும். உறுமும்போதும் அதே பெரிய ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பதால் கொயில் கருகிவிடும். 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், போட்டால் அதே 80 மீற்றருக்கு 0.59 ஓம், தொடங்கும்போது விழுவது 16 வோல்ட். ஒரு மோட்டரைத் திரும்பச் சுற்றுவதற்கு ஆகும் செலவை நினைத்தால் வயருக்குக் கொடுக்கும் காசு பெரிதில்லை.

இந்த மோட்டரிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. 230 × 5.5 = 1265. ஆனால் மோட்டர் உண்மையில் எடுக்கும் வாட் அதைவிடக் குறைவு. கொயில் உள்ள சாமான்களில் வோல்ட்டும் ஓட்டமும் ஒன்றாக ஏறி இறங்காது, ஓட்டம் கொஞ்சம் பிந்தும். அதைச் சரிக்கட்ட வலுக் காரணி என்ற ஓர் எண்ணால், ஒன்றுக்குக் குறைந்தது, பெருக்க வேண்டும். மோட்டரின் தகட்டில் அது எழுதியிருக்கும். அதேபோல் மோட்டர் கொயிலை மீற்றரால் அளந்து 4 ஓம் என்று கண்டு, 230 ÷ 4 = 57.5 அம்பியர் எடுக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. எல்.ஈ.டி. பல்பு, போன் சார்ஜர் போன்றவற்றுக்கும் ஓமின் விதியை நேரடியாகப் போட முடியாது. கேத்தல், அயன், குண்டு பல்பு, ஹீட்டர், வெறும் வயர்: இவற்றுக்குத் தயங்காமல் போடுங்கள்.

பற்றரி லைட்டுக்கு வலுச் சூத்திரம் மட்டும் போதும். இரவில் வாவிக்குப் போகிறவர்கள் 12 வோல்ட்டில் 10 வாட் எல்.ஈ.டி. லைட் கட்டினால் 10 ÷ 12 = 0.83 அம்பியர். 7 அம்பியர் மணி பற்றரி கணக்குப்படி 7 ÷ 0.83, எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் தாங்கும். கொஞ்சம் பழைய பற்றரி என்றால் ஐந்து, ஆறு என்று வைத்துக்கொண்டு தோணியைத் திருப்புவது நல்லது.

உடம்பும் ஒரு தடைதான்

மாரி காலத்தில் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. நனைந்த கை, வெறுங்கால், ஈர நிலம் என்றால் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 ÷ 1000 = 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். உயிரை எடுக்க அதுவே தாராளம். வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்திருப்பது இதனால்தான். அதில் உள்ள சிறிய டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமத்துங்கள். சுவிச் விழாவிட்டால் அது வெறும் அலங்காரமாகத்தான் இருக்கிறது. வெள்ளம் ஏறின வீட்டில் பொயின்ற் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும், ஒருவரை வைத்துச் சோதிக்காமல் மெயினைப் போட வேண்டாம்.

இன்றைக்கே செய்து பார்க்க ஒன்று. வீட்டில் உள்ள அயன் பொக்ஸின் வாட்டைப் பாருங்கள். 230 வோல்ட் 1000 வாட் என்றால் 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம் வர வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஆறின அயனில் இரண்டு சிறிய பின்களுக்கிடையே அளந்து பாருங்கள். சூட்டுக் குமிழை முழுவதுமாகத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். குமிழ் பூச்சியத்தில் இருந்தால் உள்ளே சுவிச் திறந்திருக்கும், மீற்றர் ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்து அயன் எரிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.